கறுப்புக் கோட்டில் பழுப்பு நூல்

ஜிப்பக்காவின் மடியில் ஒரு நீலப் பேன்ட் கிடந்தது. உடைத்த பாதி பிளேடை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, பல் போன ஜிப்பின் தையலை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்துக்கொண்டிருந்தாள். துணியில் ஒரு கீறல் விழவில்லை. கண் மட்டும் டிவியில் இருந்தது.

“வந்துட்டா பாருங்க. ஆத்தோட போனவ. நாப்பது நாள் தண்ணிக்குள்ள கிடந்திருக்கா, சுருட்டி விட்ட முடி அப்படியே இருக்கு.”

நான் அந்த வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ். அவள் கணவருக்கு ஆறாவது கரண்டி ஊட்டிக்கொண்டிருந்தேன். மசித்த உருளைக்கிழங்கை வாங்கிக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டார். குரல்வளை ஏறி இறங்கட்டும் என்று காத்திருந்தேன். ஏறவில்லை. திரையில் ஒரு பெண் இன்னொரு பெண்ணை அறைந்தாள். அதே அறையைப் பக்கவாட்டில் ஒரு தடவை, மேலேயிருந்து ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை காட்டினார்கள். மனிதர் திடுக்கிட்டு இருமினார். கிழங்கு என் சட்டையில் விழுந்தது.

“ஒரு அறை வாங்கினா ரெண்டு இலவசம் போல” என்றாள் ஜிப்பக்கா. பிறகுதான் என் சட்டையைப் பார்த்தாள். பேன்ட்டைக் கீழே போட்டுவிட்டுத் துணி எடுத்துவர எழுந்தாள்.

தெரு முழுக்க அவளுக்கு ஜிப்பக்கா என்றுதான் பெயர். அறுபதைத் தாண்டியவள், என்னைவிட ஒன்பது வயது இளையவள். நேரில் ‘ஏம்மா’ என்பேன். பிறரிடம் பேசும்போது எனக்கும் அவள் ஜிப்பக்காதான்.

பதினேழு வயதில் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறாள். காலர் பிரிவு. எட்டு வருடம் காலர் மட்டும் தைத்தாள். கை, பை, பித்தான் எல்லாம் வேறு வேறு மேசைகளில் நடந்தன. அந்த எட்டு வருடத்தில் தான் தைத்தது என்று ஒரு முழுச் சட்டையைக் கண்ணால் பார்த்ததில்லை என்பாள். அந்தத் தொழிற்சாலையின் சரக்கு லிஃப்டில் ஒரு நாள் காலர் மூட்டையோடு இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். மேலே டங் டங் என்று ஏதோ சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு குரல், “உள்ள யாரு? எதையும் அமுக்காதீங்க. கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காருங்க” என்றது. அந்தக் குரலைத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். லிஃப்ட் பழுது பார்ப்பவர். முகத்தைப் பார்க்கிறதுக்கு முந்தியே குரல் பிடிச்சுப்போச்சு என்று ஒரு முறை என்னிடம் சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சில்லை.

மகள் பிறந்த பிறகு தொழிற்சாலையை விட்டுவிட்டு வீட்டின் முன்னறையில் மெஷினைப் போட்டாள். புதுத் துணி தைப்பதில்லை. பேன்ட்டின் உயரம் குறைப்பது, இடுப்பு பிரிப்பது, திரைச்சீலை மடிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக ஜிப் மாற்றுவது. மகள் வளர்ந்து வேலை கிடைத்துத் தூரத்து ஊருக்குப் போனாள். மெஷின் அங்கேயே இருந்தது.

ஆறு வருடங்களுக்கு முன்னால் ‘நாலு சாவி’ என்ற தொடர் ஆரம்பமாயிற்று. வாரத்தில் ஆறு நாள், மாலை ஏழரை மணி. அப்பா இறந்துபோகிறார். நாலு அறை உள்ள வீட்டின் நாலு சாவிகளையும் நாலு மகள்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். அம்மாவுக்குச் சாவி இல்லை, சமையலறைதான். அவ்வளவுதான் கதை. நானும் அப்போது பார்த்திருக்கிறேன். யாரும் கத்தவில்லை. அம்மா குழாய்க்கு வாஷர் மாற்றும் காட்சியை ஐந்து நிமிடம் பாட்டில்லாமல் காட்டினார்கள். லிஃப்ட்காரர் அதைப் பார்த்துவிட்டு, “இந்தம்மா ஸ்பேனரைப் பிடிக்கிற விதம் சரியா இருக்கு” என்றாராம். அவர் யாரையும் லேசில் மெச்சுகிறவர் இல்லை.

ஜிப்பக்காவை அந்தத் தொடரில் கட்டிப்போட்டது ஒரு பித்தான். அம்மாவின் கறுப்புக் கோட்டில் மூன்றாவது பித்தானை மட்டும் பழுப்பு நூலால் தைத்திருந்தார்கள். வீட்டில் கறுப்பு நூல் தீர்ந்துபோன நேரத்தில் பித்தான் அறுந்திருக்கிறது, கையில் கிடைத்த நூலால் தைத்துவிட்டாள் என்று அர்த்தம். அதை யாரும் வாயால் சொல்லவில்லை. “அந்தக் கோட்டைத் தைச்சவ யாரோ, அவளுக்கு எல்லாம் தெரியும்” என்பாள் ஜிப்பக்கா. ஆறு வருடமும் மெஷினை நிறுத்திவிட்டு, கைத்தையல் வேலையை மடியில் வைத்துக்கொண்டு, கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு நாள் தவறவிட்ட வாடிக்கையாளர்கள் மறுநாள் காலை ஏதாவது ஒரு கிழிந்த துணியைத் தூக்கிக்கொண்டு கதை கேட்க வந்துவிடுவார்கள். அதனால் வியாபாரமும் நடந்தது.

பதினாலு மாதங்களுக்கு முன்னால் லிஃப்ட்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போயிற்று. பேச்சும் அதோடு போயிற்று. ‘சரி’ என்ற ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமா என்றாலும் சரி, ஊசி போடலாமா என்றாலும் சரி, வீட்டைக் கொளுத்தலாமா என்றாலும் சரிதான். இப்படிப்பட்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அறிவு முழுசாக உள்ளே இருக்கும். வாசல் மட்டும் அடைபட்டிருக்கும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் முதல் நாளே சொன்னாள்: “அவர் சொல்ற சரியை நம்பாதீங்க. கையைக் கொடுத்துக் கேளுங்க. ஒரு தடவை அமுக்கினா ஆமா, ரெண்டு தடவை அமுக்கினா இல்லை.” ஒரு வாரம் நன்றாக நடந்தது. அப்புறம் அந்தப் பெண்ணின் முறை முடிந்தது. ஜிப்பக்காவின் கையில் ஊசி, என் கையில் கரண்டி. யாருக்கும் அவரிடம் கொடுக்கக் கை மிச்சமில்லை.

முன்னறையிலேயே கட்டிலைப் போட்டோம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் நான் வருவேன். சாப்பாட்டு நேரத்தில் டிவி கூடாது என்பது எங்கள் நர்ஸ் பயிற்சியின் முதல் பாடம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் கவனம் சிதறக் கூடாது. முதல் நாள் அணைக்கச் சொன்னேன். ஜிப்பக்கா ஒப்புக்கொள்ளவில்லை. பார்த்தால், அம்மா வாஷர் மாற்றுகிற மாதிரியான காட்சிகளில் மனிதர் அமைதியாக எல்லாவற்றையும் விழுங்கினார். விட்டுவிட்டேன்.

அதற்கு நாலு மாதம் கழித்துத் தொடரை எழுதியவரை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரே வாரத்தில் அம்மாவுக்குப் புதுக் கோட்டு வந்தது. பழுப்பு நூல் இல்லை. ஒரு காட்சியில் ஆறு பித்தான், கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் ஏழு. அப்புறம் அம்மாவுக்குக் கண் போயிற்று. கண் வந்ததும் ஞாபகம் போயிற்று. மூன்றாவது மகள் ஆற்றில் விழுந்து, வேறொரு நடிகையாக எழுந்து வந்தாள். முன்பு நாலு சாவிக்காக நாலு மகள்கள் பேசாமல் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இப்போது ஆளுக்கொரு துப்பாக்கி.

ஜிப்பக்கா தொலைக்காட்சி நிலையத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். திட்டவில்லை. தையல்காரியின் கடிதம்: எந்தப் பகுதியில் எத்தனை பித்தான், எந்தப் பகுதியில் கதவு உள்பக்கம் திறந்தது, எதில் வெளிப்பக்கம் என்று வரிசையாக எழுதிக் கடைசியில், ‘பழைய கோட்டு தொலைந்துவிட்டதானால் நானே ஒன்று தைத்து அனுப்புகிறேன்’ என்று முடித்திருந்தாள். பதில் வந்தது. கெட்டி அட்டையில் மூன்றாவது மகளின் புது நடிகை சிரித்துக்கொண்டிருந்தாள். ‘அன்பு ரசிகருக்கு’ என்று கீழே அச்சடித்த கையெழுத்து. அதை நூல்கண்டு டப்பாவுக்கு அடியில் போட்டாள்.

“இவ்வளவு பிடிக்காததை எதுக்கும்மா பார்க்கறே? அணைச்சுடேன்” என்று கேட்டேன்.

“எனக்காகவா பார்க்கறேன்? அவருக்கு இருக்கறது இந்த ஒண்ணுதான். பாட்டு ஆரம்பிச்சதும் தாளம் போடறாரே, நீங்களே நோட்டுல எழுதி வெச்சிருக்கீங்களே.”

எழுதித்தான் வைத்திருந்தேன். தொடரின் தலைப்புப் பாட்டு மூன்று முரசடியோடு ஆரம்பிக்கும். அது கேட்டதும், இந்தப் பத்து மாதமாக, அவர் இடது கை முட்டியால் கட்டிலின் பக்கக் கம்பியில் மூன்று முறை தட்டுவார். விளம்பரம் முடிந்து மறுபடியும் வந்தால் மறுபடியும் மூன்று. ‘இசைக்குத் தாளம் போடுகிறார், நல்ல அறிகுறி’ என்று என் கையெழுத்தில் நோட்டில் இருக்கிறது.

நல்ல அறிகுறி அது ஒன்றுதான். எடை குறைந்துகொண்டே வந்தது. காலையில் கொஞ்சம் பரவாயில்லை. பெரிய சாப்பாடு மாலையில்தான், அதில் பாதிகூட உள்ளே போவதில்லை. ஐம்பத்து மூன்று கிலோவில் இருந்தவர் நாற்பத்தெட்டரைக்கு வந்துவிட்டார். நாற்பத்தெட்டுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாய் ஒன்றும் பாவமில்லை, தேவையான இடத்தில் உயிரைக் காப்பாற்றும். ஆனால் இவர் ஒற்றைக் கையால் அதைப் பிடுங்குவார். பிடுங்கினால் அந்தக் கையைக் கட்டிப்போடுவார்கள். மிச்சம் இருப்பது அந்த ஒரு கைதான். இது எனக்கும் தெரியும், ஜிப்பக்காவுக்கும் தெரியும். அடுத்த எடை திங்கட்கிழமை.

அந்த வாரம் வியாழக்கிழமை மாலை ஏழு இருபத்தைந்துக்குக் கதவு தட்டப்பட்டது. லிஃப்ட்காரரின் பழைய கூட்டாளி. முப்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர். கையில் எப்போதும் கறுப்பு ஒட்டியிருக்கும் என்பதால் கிரீஸ் என்று கூப்பிடுவார்கள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்க்க வருவார். ஞாயிறன்று தொடர் கிடையாது. இப்போது சட்டையை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் முன்பக்கத்தை மறைத்தபடி வாசலில் நின்றார்.

“அண்ணி, மானம் போற விஷயம். பஸ்ல உக்காந்தேன், டர்னு ஒரு சத்தம்.”

“ஜிப்பா, தையலா?”

“நான் எங்க குனிஞ்சு பார்த்தேன். பார்க்கற மாதிரியா வயிறு இருக்கு?”

“உள்ள போய் உங்க அண்ணன் பேன்ட் ஒண்ணை மாட்டிக்கிட்டு அதைக் கழட்டிக் கொடுங்க. நாளைக்குத்தான் தருவேன்.”

அவர் மாற்றிக்கொண்டு வந்தார். இடுப்புப் பித்தான் போடவில்லை, போட முடியாது. கட்டிலின் பக்கத்தில் நின்று, “எப்படி இருக்கீங்கண்ணே” என்றார். “சரி” என்றார் அண்ணன். நான் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, கழுத்தடியில் துண்டைச் செருகினேன். ஜிப்பக்கா டிவியைப் போட்டாள். கிரீஸ் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளையை எடுக்கக் கையை நீட்டினார்.

மூன்று முரசடி. லிஃப்ட்காரர் கம்பியில் மூன்று தட்டினார்.

கிரீஸ் சிலை மாதிரி நின்றுவிட்டார். நீட்டிய கை நீட்டியபடியே. இன்னொரு கை பேன்ட்டை விட்டுவிட்டது. அது நழுவ ஆரம்பித்ததும்தான் பிடித்துக்கொண்டார்.

“யாரு நிறுத்தச் சொன்னது?” என்றார்.

“என்னத்தை நிறுத்த?” என்றாள் ஜிப்பக்கா.

“இப்பத் தட்டினாரே.”

“அது பாட்டுக்குத் தாளம். தினமும் போடுவாரு. அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.”

மறுபடியும் மூன்று தட்டு. இந்த முறை முரசு இல்லை, பாட்டுகூட முடிந்துவிட்டது. கிரீஸ் குறுக்கே நடந்து போய் டிவியை அணைத்தார். கேட்டுக்கொண்டெல்லாம் அணைக்கவில்லை.

“என்ன பண்றீங்க” என்றாள் ஜிப்பக்கா.

“அண்ணி, லிஃப்ட் குழிக்குள்ள கத்தினா ஒரு எழவும் புரியாது. எதிரொலி. அதனால பெட்டி ஓடற இரும்பு ரெயில்ல ஸ்பேனரால தட்டுவோம். ஒண்ணு தட்டினா ஏத்து. ரெண்டு தட்டினா இறக்கு. மூணு தட்டினா நிறுத்து. மூணு கேட்டா ஏன்னு கேட்கக் கூடாது. முதல்ல நிறுத்திட்டுத்தான் கேட்கணும். இல்லேன்னா கீழ இருக்கறவன் சட்னி.”

பத்து மாதத்துத் தட்டல்கள் ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தன. நோட்டு மேசைமேல் திறந்தே கிடந்தது. மூடி வைத்தேன்.

ஜிப்பக்கா மடியிலிருந்த துணியை இறக்கி வைத்தாள். விரலில் மாட்டியிருந்த ஊசியுறையைக் கழற்றினாள். கட்டிலின் இடப்பக்கம் வந்து, தன் கையை அவர் கைக்கு அடியில் வைத்தாள்.

“என்னங்க, இந்தத் தொடர் வேணாமா?”

“சரி” என்றார். கை ஒரு முறை அமுக்கியது. ஆமாம், வேண்டாம்.

“நாளைக்குப் போடட்டுமா?”

“சரி.” கை இரண்டு முறை அமுக்கியது.

அவளுக்கு அத்தோடு விட மனமில்லை. ஆறு வருட ரசிகை. “எப்போலேருந்து பிடிக்கல? இவ ஆத்துலேருந்து திரும்பி வந்தாளே, அப்பவா?” இரண்டு. “அம்மாவுக்குக் கண்ணு போச்சே, அப்பவா?” இரண்டு. கொஞ்சம் யோசித்தாள். “கோட்டு மாத்தினாங்களே?”

ஒன்று. அழுத்தமான ஒன்று.

ஜிப்பக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பாவி மனுஷா, எனக்கும் அன்னைக்கே போதும்னு ஆயிடுச்சு. உங்களுக்காகத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“சரி” என்றார் அவர். அது எவ்வளவு பொருத்தமாக விழுந்தது என்றால் கிரீஸும் சிரித்துவிட்டார், பேன்ட்டைப் பிடித்தபடியே.

“அன்னைக்கு லிஃப்டுல நான் மாட்டினப்பவும் மேல டங் டங்னு சத்தம் கேட்டுச்சு” என்றாள் ஜிப்பக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஏதோ ரிப்பேர் பண்றாங்கன்னு நினைச்சேன்.”

“அன்னைக்கும் மூணுதான் அண்ணி. மேல நின்னு தட்டினது நான். உங்க மூட்டை கதவுல சிக்கியிருந்துச்சு.”

“இத்தனை வருஷமா ஒருத்தராவது சொன்னீங்களா?”

“நீங்க கேட்கலையே.”

நான் அதற்குள் கிண்ணத்தைச் சூடாக்கி எடுத்து வந்திருந்தேன். அவர் மோவாயைத் தாழ்த்தி, முதல் கரண்டியைக் கொடுத்தேன். அறையில் தெருவோரத்து வண்டிச் சத்தம் மட்டும் இருந்தது. குரல்வளை ஏறியது, இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது. இருமல் இல்லை. ஒன்பதாவது கரண்டியில் நானே எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கிண்ணத்தின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டு ஜிப்பக்கா எட்டிப் பார்த்தாள். முழுக் கிண்ணம் காலியாகி எட்டு மாதமாகியிருந்தது.

“இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்று என்னிடம் கேட்டாள்.

“அவரைக் கேளு. கையைக் கொடுத்துக் கேளு” என்றேன்.

கேட்டாள். இரண்டு முறை அமுக்கினார். போதும் என்று சொல்லும் உரிமை ஒரு நோயாளிக்குக் கிடைத்தால் பாதி வைத்தியம் முடிந்தது. அந்தப் பாடத்தை முப்பது வருடமாக இளம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்த வீட்டில் நானே மறந்திருக்கிறேன். அதை நோட்டில் எழுதினேன். பழைய வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதினேன். திங்கட்கிழமை எடை அதே நாற்பத்தெட்டரை. அதற்கடுத்த திங்கள் நாற்பத்தொன்பது. குழாய்ப் பேச்சு அதோடு முடிந்தது. படிப்பவர்கள் கடைசிவரை பயந்துகொண்டிருக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அந்த வியாழனுக்கு மறுநாள் காலை நான் போனபோது, வாசலில் ஒரு வாடிக்கையாளர், எதிர்வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் மனைவி, கிழிந்த தலையணை உறையோடு நின்றுகொண்டிருந்தாள். “நேத்து பார்க்க முடியல அக்கா. மூணாவது மக துப்பாக்கியை எடுத்தாளா?”

“எடுத்தாளோ, எண்ணெய் போட்டாளோ, எனக்குத் தெரியாது. நான் பார்க்கல.”

“நீங்க பார்க்கலையா? உடம்பு சரியில்லையா?”

“உடம்பு நேத்துலேருந்துதான் நல்லா இருக்கு. உறையை வெச்சுட்டுப் போ.”

கிரீஸின் பேன்ட்டில் ஜிப் மட்டுமல்ல, பின்பையின் மூடியும் கிழிந்திருந்தது. புது மூடி வெட்ட, அளவுக்கு ஒரு கெட்டி அட்டை தேவைப்பட்டது. ஜிப்பக்கா நூல்கண்டு டப்பாவுக்கு அடியில் கையை விட்டு அந்தப் புகைப்படத்தை எடுத்தாள். திருப்பிப் போட்டுச் சுண்ணக்கட்டியால் மூடியின் வடிவத்தை வரைந்து, பெரிய கத்தரியால் வெட்டினாள். “நல்ல அட்டை” என்றாள். “ஆறு வருஷத்துக்கு இதாவது மிஞ்சுச்சு.”

அதன் பிறகு கட்டிலை நகர்த்தினோம். அதுவரை அவர் முகம் டிவி இருந்த சுவரைப் பார்த்தபடி இருந்தது. எந்தப் பக்கம் திருப்பலாம் என்று ஜிப்பக்கா கையைக் கொடுத்துக் கேட்டாள். மெஷின் பக்கமா? இரண்டு. ஜன்னல் பக்கமா? ஒன்று. நான் சக்கரங்களின் பூட்டை விடுவித்தேன். அவள் தலைமாட்டில், நான் கால்மாட்டில். ஆனால் தள்ளச் சொன்னது எங்களில் யாரும் இல்லை.

கம்பியில் ஒரு தட்டு. தள்ளினோம். ஒரு தட்டு. இன்னும் தள்ளினோம். கால்மாடு மெஷினில் இடிக்கப் போனது. இரண்டு தட்டு, பின்னால் இழுத்தோம். மறுபடி ஒன்று. முப்பது வருடம் லிஃப்ட் பெட்டிகளை அங்குலக் கணக்கில் மாடியோடு சேர்த்து நிறுத்தியவர். எதிரே தெருமுனையும், கண்ணாடிக்கடையும், பஸ் வந்து நிற்கும் கம்பமும் ஜன்னல் சட்டத்துக்குள் ஒன்றாக வந்த இடத்தில் மூன்று தட்டினார்.

நிறுத்தினோம். நாலு சக்கரங்களையும் பூட்டினேன். ஜிப்பக்கா ஸ்டூலை இழுத்து அவருடைய இடக்கைப் பக்கமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கிரீஸின் பேன்ட்டை மடியில் விரித்துவிட்டுப் பாதி பிளேடைத் தேடினாள்.